செவிலியரை உருவாக்கிய ஐடா ஸ்கடர்

மே 12 உலக செவிலியர் தினம். அதே மே மாதத்தில்தான், 1960-ஆம் ஆண்டு, ஐடா ஸ்கடர் கொடைக்கானலில் காலமானார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நிறுவனராக அவரை உலகம் அறியும். ஒடுகத்தூர் போன்ற சிற்றூரில் இருந்துகொண்டு அவர் வாழ்வைத் திரும்பிப் பார்த்தால், அவருடைய இன்னொரு பணியே பெரிதாகத் தெரிகிறது. எளிய குடும்பத்துப் பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியராக்கியதே அப்பணி.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற செவிலியரான பாட்டிமார் பலர் உண்டு. பேரக்குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் திண்ணையில் வந்து அமரும் அவர்களிடம்தான், காய்ச்சலானாலும் பிரசவ வலியானாலும் தெருவினர் முதலில் ஓடி வருவார்கள். விவசாயக் கூலியையும் தோல் தொழிலையும் விட்டால் வேறு வேலை அரிதாக இருந்த காலத்தில், தம் குடும்பத்திலேயே மாதச் சம்பளம் பெற்ற முதல் பெண்கள் இவர்கள். இந்த வாய்ப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால் ஐடாவிடம் போய்ச் சேருவோம்.

ஐடா 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த மருத்துவப் பணியாளர். தந்தையும் மருத்துவரே. ஆயினும் குடும்பத்தின் வழியைப் பின்பற்ற ஐடா விரும்பவில்லை. சிறுவயதில் பார்த்த தாதுவருடப் பஞ்சத்தின் பட்டினி முகங்கள் அவரை இந்தியாவிலிருந்து விலகிப்போகவே தூண்டின. அமெரிக்காவில் படித்து, அங்கேயே வாழ்வது என்று முடிவும் செய்திருந்தார். தாயார் நோயுற்றதால் மட்டுமே திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தார்.

அங்கே ஓரிரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவர் வேறொரு இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மூவரின் இளம் மனைவியரும் பிரசவத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. மருத்துவம் தெரிந்த அவருடைய தந்தையை உடன் அனுப்ப முன்வந்தபோது, அந்நிய ஆடவர் தம் மனைவியைத் தொடுவதற்கு அவர்களில் எவரும் இசையவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். சாதியும் மதமும் வேறுபட்ட மூன்று வீடுகளில் மரணத்தின் காரணம் ஒன்றே: மருத்துவம் கற்ற பெண் ஒருவரும் அருகில் இல்லை. அன்றைய இரவு ஐடாவின் வாழ்வைத் திசை திருப்பியது.

1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. வீட்டில் பணிபுரிந்தவர்களுள் ஒருவரான சலோமி என்ற பெண்ணே அவருக்கு முதல் உதவியாளர். காயத்துக்குக் கட்டுப்போடவும் மருந்து கலக்கவும் ஐடா அவருக்குக் கற்றுக்கொடுத்தார். ஒரு மருத்துவர் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் எல்லா நோயாளிகளையும் பார்த்துவிட முடியாது. திறமையைப் பலரிடம் பெருக்கினால்தான் மருத்துவம் ஊரெங்கும் பரவும் என்பதை அவர் வெகுவிரைவில் உணர்ந்திருக்க வேண்டும்.

அந்த உணர்வின் பயன், 1909-இல் டீலியா ஹூட்டனுடன் இணைந்து தொடங்கிய செவிலியர் பயிற்சிப் பள்ளி. அயலாரின் உடலைத் தொட்டுத் துடைப்பதும் இரவில் கண்விழித்துப் பணிசெய்வதும் குடும்பப் பெண்களுக்குத் தகாதவை என்று கருதப்பட்ட காலம் அது. அந்த இழிவை நீக்கிச் செவிலியத்தைக் கல்வியாகவும் தொழிலாகவும் ஆக்குவது மருத்துவமனை கட்டுவதைவிடக் கடினமான வேலை. குடியாத்தம் சாலையில் மரநிழல்களில் நோயாளிகளைப் பார்க்கும் சாலையோரச் சிகிச்சைக்கும் செவிலியர்கள் அவருடன் சென்றனர்.

1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியபோது, போதிய மாணவியர் சேர்வார்களா என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். முதல் ஆண்டிலேயே 151 விண்ணப்பங்கள் குவிந்தன. 1946-இல் செவிலியர் பள்ளி கல்லூரியாக உயர்ந்து, நாட்டின் முதல் செவிலியப் பட்டப்படிப்புகளுள் ஒன்றை வழங்கியது. அதே ஆண்டில் ஐடா பொறுப்புகளிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. அவரிடம் பயின்றவர்களும் அவர்களிடம் பயின்றவர்களுமே அவருடைய வழித்தோன்றல்கள்.

இன்று நம் செவிலியர்களைப் பல நாடுகள் விரும்பி அழைக்கின்றன. அவர்கள் அனுப்பும் பணத்தால் குடும்பங்கள் தலையெடுக்கின்றன. அதைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால், இங்கேயே பணிபுரிவோருள் பலர் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நிரந்தரப் பணி கேட்டுச் செவிலியர்கள் வீதிக்கு வந்த காட்சியை நாம் பலமுறை பார்த்துவிட்டோம். உழைப்புக்கு உரிய ஊதியம் தராத இடத்தில் திறமை தங்காது. பொருளாதாரத்தின் இந்தப் பாலபாடத்தை அரசுகளும் தனியார் மருத்துவமனைகளும் மறந்துவிடுகின்றன.

ஒடுகத்தூர் அடங்கிய அணைக்கட்டு வட்டத்தின் அல்லேரி மலைப்பகுதியில், 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒரு குழந்தை மருத்துவமனையை அடையுமுன்பே இறந்தது. சாலை இல்லாததால் அந்தச் சிறு உடலைத் தாயே மலைமேல் சுமந்து நடந்தார். திண்டிவனத்து இரவுக்கு நூறாண்டுகளுக்கும் மேலான பின்னர் நடந்தது இது. அன்று மருத்துவத்தைத் தடுத்தது வழக்கம். இன்று தடுப்பது தூரம். சாலையும், மலையடிவாரத்தில் இரவிலும் பணியில் இருக்கும் ஒரு செவிலியரும், அவர் மனநிறைவோடு தங்கிப் பணியாற்றத்தக்க ஊதியமும் இருந்தால் இந்தத் தூரம் குறையும். மாலை அணிவிப்பதைவிட ஐடாவுக்கு நாம் செலுத்தக்கூடிய மேலான அஞ்சலி அதுவே.