கிப்லாவைக் கணித்த பேரறிஞர் அல்பீரூனி (ரஹ்)

அபூ ரைஹான் முஹம்மது பின் அஹ்மது அல்பீரூனி அவர்கள் ஹிஜ்ரி 362, துல்ஹஜ் மாதம் (கி.பி. 973) குவாரிஸ்ம் நாட்டில் காத் நகரின் புறப்பகுதியில் பிறந்தார்கள். அவ்வூர் இன்று உஸ்பெகிஸ்தானில் அடங்கியுள்ளது. அரச குடும்பத்தைச் சேர்ந்த கணித மேதை அபூ நஸ்ர் மன்சூர் அவர்களே இவர்களின் ஆசான் ஆவார்கள்.

இன்று பள்ளிப் பிள்ளைகள் கற்கும் சைன் விதி அக்காலத்தில்தான் உருப்பெற்றது. முக்கோணத்தின் எந்தப் பக்கத்தையும் அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே ஈவு கிடைக்கும் என்பதே அவ்விதி. ஆற்றின் இக்கரையில் 100 மீட்டர் தூரத்தில் இரு முளைகளை நட்டு, அக்கரை மரத்தை நோக்கிக் கோணங்களை அளப்பதாகக் கொள்வோம். முதல் முளையில் 80 பாகையும் இரண்டாவதில் 70 பாகையும் கிடைத்தால், மரத்தடியில் எஞ்சுவது 30 பாகை. 100ஐ 30 பாகையின் சைனாகிய 0.5ஆல் வகுக்க 200 வரும். அதனை 70 பாகையின் சைனாகிய 0.94ஆல் பெருக்கினால் 188. முதல் முளைக்கும் மரத்துக்கும் உள்ள தூரம் 188 மீட்டர்! ஆற்றைக் கடக்காமலேயே தூரம் தெரிந்துவிடுகிறது.

பூமி உருண்டை. ஆகவே அதன் மேல் அமையும் முக்கோணத்துக்குப் பக்கங்களின் சைன்களையும் கொள்ள வேண்டும். இவ்விதியை முதலில் கண்டவர் யார் என்பதில் அபூ நஸ்ர், அபுல் வஃபா, குஜந்தி ஆகிய மூவரைச் சுற்றிச் சர்ச்சை எழுந்தது. அல்பீரூனி அவர்கள் தமது நூலொன்றில் மூவரின் வாதங்களையும் பதிவு செய்து, தம் ஆசானுக்கே முதன்மையை வழங்கினார்கள். தமக்கென அப்பெருமையைக் கோரவில்லை.

கி.பி. 997இல் தம் 23ஆம் வயதில், காத் நகரிலிருந்து இவர்களும் பக்தாதிலிருந்து அபுல் வஃபாவும் ஒரே சந்திர கிரகணத்தை நோக்கினார்கள். நேர வேறுபாட்டைக் கொண்டு இரு நகரங்களின் தீர்க்கரேகை வித்தியாசத்தைக் கணித்தார்கள்.

கி.பி. 1017இல் சுல்தான் மஹ்மூத் குவாரிஸ்மைக் கைப்பற்றியபோது, அல்பீரூனி அவர்கள் கஸ்னாவுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஊரை இழந்தும் ஆய்வை விடவில்லை. மறு ஆண்டு காபூல் அருகே ஒரு கிராமத்தில் கருவி ஏதுமின்றித் தவித்த வேளையில், கணக்குப் பலகையின் பின்புறத்தில் வில்வளைவு வரைந்து, தூக்குநூல் கட்டிச் சூரியனின் உயரத்தை அளந்தார்கள்.

கஸ்னாவின் கிப்லாவைத் துல்லியமாக அறிவதற்கென்றே நகரங்களின் இருப்பிடம் பற்றிய நூலை கி.பி. 1025இல் நிறைவு செய்தார்கள். பக்தாத் முதல் கஸ்னா வரையுள்ள நகரங்களின் தூரங்களைத் திரட்டி, சைன் விதியைப் படிப்படியாகப் பயன்படுத்தி, பல வழிகளில் கணக்கிட்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். ஒரு கணக்கில் நேரும் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும் அல்லவா?

கி.பி. 1048இல் கஸ்னாவிலேயே வஃபாத்தானார்கள். தொழுகையின் திசையைத் தேடுவதற்குக் கணிதம் துணை நின்றது. அந்தத் தேடல் கணிதத்தையும் வளர்த்தது. மார்க்கக் கல்வியையும் உலகக் கல்வியையும் எதிரெதிரே நிறுத்துவோர் இப்பெரியாரின் வாழ்வைச் சற்றே சிந்திக்கட்டும்.