இராமானுஜனைப் பார்த்த டாக்டர்கள்

கணித மேதை இராமானுஜனைப் பற்றி எழுதாத தமிழ்ப் பத்திரிகை இராது. 1729 என்ற எண்ணும், வாடகைக் காரில் வந்த பேராசிரியர் ஹார்டியும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. நான் மருத்துவம் படிக்கிறவன். அவருடைய கணக்குகளுக்குள் நுழையும் தகுதி எனக்கில்லை. ஆகவே அவர் வாழ்வை, அவரைப் பற்றிக்கொண்ட நோயின் பக்கமிருந்து சொல்ல விரும்புகிறேன். அந்நோய்க்கு டாக்டர்கள் மாற்றி மாற்றிப் பல பெயர்கள் சூட்டினார்கள். எதற்கும் போதிய சான்று அவர்கள் கையில் இல்லை. ஆயினும் முடிவு செய்தே தீரவேண்டியிருந்தது.

1887 டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார் இராமானுஜன். இரண்டு வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தார். 1906-இல் சென்னைக்குப் படிக்கப் போனவர் சீதபேதியால் வாடி ஊர் திரும்பினார். 1909-இல் ஜானகியை மணந்தார். அடுத்த ஆண்டு விரைவீக்கத்துக்கு அறுவை செய்ய நேர்ந்தது. வீட்டில் பணமில்லை, ஒரு டாக்டர் ஊதியம் வாங்காமலே செய்தார். சீதபேதி, அறுவை என்ற இவ்விரண்டையும் வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

1914 மார்ச் 17-இல் 'நெவாசா' கப்பலில் புறப்பட்டார். உடன் பயணம் செய்தவர்களில் டாக்டர் சௌரி முத்துவும் ஒருவர். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கம் காசநோய் ஆரோக்கிய நிலையம் நடத்திவந்த நம்மவர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே நிலையத்தில் நோயாளியாகப் படுப்போம் என்று இராமானுஜன் நினைத்திருக்கமாட்டார். (பிற்காலத்தில், 1928-இல், தாம்பரத்துக் காசநோய் மருத்துவமனைக்கு வித்திட்டவரும் இந்தச் சௌரி முத்துவே.)

கேம்பிரிட்ஜ் போன சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. இறைச்சி தொடாதவர், தாமே சமைத்து, வேளை தவறி உண்டு, இரவெல்லாம் கணக்குப் போட்டார். 1917 வேனிலில் படுத்துவிட்டார். முதலில் இரைப்பையில் புண் என்றார்கள். பிறகு காசநோய் என்றார்கள். கேம்பிரிட்ஜ் மருத்துவ விடுதி, மெண்டிப், மாட்லாக், லண்டன், பட்னி என்று ஐந்து இடங்களில் மாறி மாறிக் கிடந்தார்.

காசநோய் என்று சொன்னவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இளைஞன், நாள்பட்ட காய்ச்சல், உடல் மெலிவு. அக்காலத்தில் இம்மூன்றையும் ஒருசேரக் கண்ட எந்த டாக்டருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். மலிந்து கிடக்கும் நோயை முதலில் எண்ணு என்றுதான் எங்களுக்கும் இன்று வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். ஆனால் அதற்கு அன்று தனி மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-இல்தான். ஓய்வு, ஊட்டம், திறந்த சன்னலின் குளிர்காற்று, இவையே சிகிச்சை. காவிரிக்கரைப் பிள்ளைக்கு அந்தக் குளிரும், வாய்க்குப் பிடிக்காத சாப்பாடும், தனிமையும் சேர்ந்து என்ன செய்திருக்கும்? 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க இரயில் பாதையில் உயிரைவிடத் துணிந்தார். நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். அந்த ஆண்டு மே மாதத்தில்தான் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது.

பேட்டி ஷா என்ற லண்டன் நிபுணர் வேறு வழியில் சிந்தித்தார். ஊரில் அறுவை செய்து நீக்கியது வெறும் வீக்கமல்ல, புற்று; அது இப்போது கல்லீரலில் பரவியிருக்கிறது என்று ஐயுற்றார். பயங்கரமான ஊகம்தான்! ஆனால் அதில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குப் படுகிறது. அது உண்மையானால் நோயாளி வேகமாக நலிய வேண்டும். அவர் நலியவில்லை. எனவே அந்த ஊகம் கைவிடப்பட்டது. சான்று இல்லாதபோது காலத்தையே சோதனைக்கூடமாக்குவது நிபுணர்களின் பழைய வழக்கம். இன்றும் அது மாறவில்லை.

எங்கள் மறையூர்ப் பக்கம் காய்ச்சல்காரரை உயர்ந்த பரிசோதனைக்கு அனுப்பவேண்டுமானால் மூணாறுக்கு மலை ஏறவேண்டும். இல்லையேல் உடுமலைப்பேட்டைக்கு இறங்கவேண்டும். சித்தூர், கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்காவது பாலக்காடும் கோயமுத்தூரும் அருகில் உண்டு. மலைப்பக்கத்து டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கே வேலை செய்தாய், எந்தத் தண்ணீரைக் குடித்தாய், முன்பு வயிற்றுக்கடுப்பு வந்ததுண்டா என்று துருவித் துருவிக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். கருவி குறைந்த இடத்தில் கேள்விதான் கருவி.

லண்டன் நிபுணர் பழைய அறுவைக்குக் கொடுத்த எடை, பழைய சீதபேதிக்குக் கிடைக்கவில்லை. சீதபேதி தீர்ந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் அமீபா என்னும் நுண்ணுயிர் கல்லீரலைத் தாக்கலாம். காய்ச்சல் விட்டு விட்டு வரும். நோயாளி தேறுவதுபோல் தோன்றி மீண்டும் சாய்வார். இதற்கு எமிட்டின் ஊசி பயன்படுவதை லியனார்டு ராஜர்ஸ் 1912-லேயே கல்கத்தாவில் காட்டிவிட்டார். போட்டுப் பார்த்திருக்கலாமே என்று இன்று சொல்வது எளிது. எமிட்டின் இதயத்தைத் தாக்கும் மருந்து. நலிந்த உடம்பில், வெறும் ஊகத்தை நம்பி அதைச் செலுத்த எத்தனை பேர் துணிவார்கள்?

காய்ச்சல் சற்று தணிந்து உடம்பு தேறியபோது, ஊருக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. 1919 மார்ச்சில் பம்பாய் வந்திறங்கினார். சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மீண்டும் சென்னை. காசநோயில் தேர்ந்த டாக்டர் சந்திரசேகர ஐயரும் காசநோயாகவே கொண்டு சிகிச்சை செய்தார். சீமையில் ஒட்டிய பெயர்ச்சீட்டு கப்பலேறிக் கூடவே வந்துவிட்டதோ என்று நான் எண்ணுவதுண்டு. படுக்கையிலும் சிலேட்டும் கணக்கும் நிற்கவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்குப் புதுவகைச் சார்புகளைப் பற்றிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26-ஆம் நாள் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

டி. ஏ. பி. யங் என்பவர் பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் கோத்து ஆராய்ந்து, நோய் கல்லீரல் அமீபாவாகவே இருக்கவேண்டும் என்று 1994-இல் எழுதினார். எனக்கு அவர் வாதம் பொருத்தமாகவே படுகிறது. ஆனால் அவரும் நோயாளியைத் தொட்டுப் பார்த்தவரல்லர், காகிதத்தைப் படித்தவர். உடல் தகனமாகி 74 ஆண்டுகள் ஆனபின், அவர் கையிலும் இருந்தது குறைந்த சான்றே.

தையல் வேலை செய்து தம் காலில் நின்று வாழ்ந்த ஜானகி அம்மாள், அதே 1994 ஏப்ரலில் சென்னையில் காலமானார்.