மதில் எழுப்பியவர் வட்டியை ஒழித்தார்
நெகேமியாவின் வாழ்வு தரும் படிப்பினை

துஆச் செய்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருப்பவர் சிலர். துஆவின் நினைவே இன்றி ஓடி ஓடி உழைப்பவர் சிலர். துஆவும் செய்து, பொதுக்காரியத்துக்கு உழைத்து, அதே வேளையில் ஏழையின் வயிற்றிலும் அடிப்பவர் வேறு சிலர். இந்த மூன்றாம் வகையினரைத் திருத்துவதுதான் மிகக் கடினம். ஏனெனில், தாம் நல்லவர் என்றே அவர்கள் நம்பிக்கொண்டிருப்பார்கள். ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் ஜெருசலம் நகரில் இத்தகையோரைக் கண்டு, நேருக்கு நேர் நின்று திருத்திய ஒரு தலைவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

அவர் பெயர் நெகேமியா. திருக்குர்ஆனில் அவர் பெயர் இடம்பெறவில்லை. பைபிளின் பழைய ஏற்பாட்டில் அவர் பெயரால் ஒரு நூல் இருக்கிறது. அதன் பெரும்பகுதி அவரே தம் வரலாற்றைச் சொல்வதாக அமைந்தது. வேதத்தைக் கற்றுத் தந்த எஸ்றா என்பவரும் அந்நூலில் வருகிறார். அந்த எஸ்றாவே திருக்குர்ஆன் குறிப்பிடும் உஸைர் என்று முஸ்லிம் அறிஞர் பலர் கூறுவர். விசுவாசத்துக்கும் தலைமைக்கும் நல்ல எடுத்துக்காட்டாகக் கிறிஸ்தவர்கள் நெகேமியாவைத் தம் போதனைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள்.

அரண்மனையில் ஓர் அழுகை

கி.மு. 586-ல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் ஜெருசலத்தை அழித்தான். அரபு நூல்களில் புக்துநஸர் என்று வருபவன் இவனே. ஆலயம் எரிந்தது, மதில் இடிந்தது, மக்களில் பலர் சிறைபிடிக்கப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கி.மு. 539-ல் பாபிலோனை வென்ற பாரசீக மன்னர் சைரஸ், அவர்கள் ஊர் திரும்ப இசைவு தந்தார். ஆலயமும் கி.மு. 515-ல் மீண்டும் கட்டி முடிந்தது. ஆனால், நகருக்கு மதில் இல்லை. மதில் இல்லாத ஊர் கதவில்லாத வீடு போன்றது. யார் வேண்டுமானாலும் நுழையலாம். எதை வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்.

அப்போது நெகேமியா, இன்றைய ஈரானின் தென்மேற்கில் உள்ள சூசா நகரில், பாரசீக மன்னர் அர்தக்சஷ்டாவின் அரண்மனையில் பணியாற்றிவந்தார். மன்னருக்குப் பானம் பரிமாறும் பதவி அவருடையது. விஷத்துக்கு அஞ்சி வாழும் மன்னர்கள் முழு நம்பிக்கைக்கு உரியவருக்கே அப்பதவியைத் தருவர். செல்வாக்குக்கும் வசதிக்கும் குறைவில்லை. ஜெருசலமோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது.

கி.மு. 445 வாக்கில் அவருடைய சகோதரர் ஆனானி ஜெருசலத்திலிருந்து வந்தார். ஊர் எப்படி இருக்கிறது என்று நெகேமியா விசாரித்தார். மதில் இடிந்தபடியே கிடக்கிறது, வாசல்கள் தீக்கிரையாகிவிட்டன, மக்கள் சிறுமைப்பட்டு வாழ்கிறார்கள் என்ற செய்தி கிடைத்தது. நெகேமியா உட்கார்ந்து அழுதார். பல நாட்கள் நோன்பிருந்து இறைவனிடம் மன்றாடினார்.

அந்தப் பிரார்த்தனையில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மக்கள் பாவம் செய்துவிட்டார்கள் என்று அவர் முறையிடவில்லை. தாமும் தம் தந்தையின் வீட்டாரும் பாவம் செய்ததாக ஒப்புக்கொண்டார். நகரம் அழிந்தபோது அவர் பிறந்திருக்கவே இல்லை. ஆயினும் குற்றத்தின் கணக்கில் தம்மையும் சேர்த்துக்கொண்டார். அவருடைய வாழ்வு முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

ஏறத்தாழ நான்கு மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் பரிமாறும்போது அவருடைய முகவாட்டத்தை மன்னர் கண்டு காரணம் கேட்டார். நெகேமியா மிகவும் அஞ்சினார். நெஞ்சுக்குள்ளேயே இறைவனை வேண்டிக்கொண்டு, தம் முன்னோரின் ஊரைக் கட்ட அனுமதி கேட்டார். வெறும் அனுமதியோடு அவர் நிற்கவில்லை. எத்தனை காலம் ஆகும் என்று தவணை சொன்னார். வழியிலுள்ள ஆளுநர்களுக்குக் கடிதம் கேட்டார். வாசல் உத்தரங்களுக்கு மரம் தரும்படி அரச வனத்தின் காவலருக்கும் ஒரு கடிதம் கேட்டார். நான்கு மாதம் பிரார்த்தித்தவர் அந்த நான்கு மாதமும் திட்டமிட்டும் இருந்திருக்கிறார் என்பது இதிலிருந்து விளங்குகிறது அல்லவா?

மதில் எழும்பியது

ஜெருசலம் வந்து மூன்று நாள் வரை தம் நோக்கத்தை யாரிடமும் அவர் வெளியிடவில்லை. இரவில் சிலரை மட்டும் உடன் அழைத்துக்கொண்டு, இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் இடிபாடு மிகுந்து, அவர் ஏறிச்சென்ற விலங்கு நடக்கவும் வழியில்லை. எல்லாவற்றையும் கண்ணால் கண்ட பிறகே மக்களைக் கூட்டிப் பேசினார்.

மக்கள் எழுந்தார்கள். தலைமைக் குரு முதல் கல்லைத் தொட்டார். தட்டார்கள் வந்தார்கள், அத்தர் செய்வோர் வந்தார்கள், வணிகர்கள் வந்தார்கள். ஒருவர் தம் பெண்மக்களுடன் வந்து கட்டினார். பலர் தம் வீட்டுக்கு எதிரேயுள்ள பகுதியைத் தாமே எடுத்துக்கொண்டார்கள். தெக்கோவா ஊரின் பெரிய மனிதர்கள் மட்டும் வேலைக்குத் தோள் கொடுக்க மறுத்தார்கள் என்ற குறிப்பும் அந்நூலில் உள்ளது. பெரிய மனிதர் என்பவர் எக்காலத்திலும் ஒரே மாதிரிதான் போலும்!

எதிரிகளும் இருந்தார்கள். சமாரியாவின் சன்பல்லாத் முதலில் கேலி செய்தான். அம்மோனியனான தொபியா, ஒரு நரி ஏறினாலே இந்த மதில் விழுந்துவிடும் என்று ஏளனம் பேசினான். கேலி பலிக்காதபோது தாக்குவதற்குச் சதி செய்தார்கள். நெகேமியாவும் மக்களும் இறைவனிடம் வேண்டினார்கள். இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். சுமை தூக்கியவர்கள் ஒரு கையால் வேலை செய்தார்கள். மறு கையில் ஆயுதம் இருந்தது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வை என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய பாடம் அன்று.

உள்ளேயிருந்து எழுந்த ஓலம்

மதில் எழும்பிக்கொண்டிருந்த வேளையில் வெளி எதிரியைவிடக் கொடிய எதிரி உள்ளே இருப்பது தெரியவந்தது. ஏழைகளும் அவர்கள் மனைவியரும் கூடி ஓலமிட்டார்கள். பிள்ளைகள் பலர், உண்ணத் தானியம் இல்லை என்றனர் சிலர். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் ஈடு வைத்துவிட்டோம் என்றனர் வேறு சிலர். அரச வரி கட்டக் கடன் வாங்கினோம், இப்போது மக்களையே அடிமையாகக் கொடுக்க நேர்ந்துவிட்டது, சில பெண்மக்கள் ஏற்கெனவே அடிமைகளாகிவிட்டார்கள், மீட்க வழியில்லை என்று கதறினர் மற்றும் சிலர்.

கடன் கொடுத்தவர்கள் யார்? பாரசீகரா? சன்பல்லாத்தின் ஆட்களா? இல்லை. அதே மக்களின் பிரமுகர்களும் அதிகாரிகளும்தாம். ஒரே வேதத்தை ஓதியவர்கள். தம் மக்களில் ஏழைக்குக் கொடுக்கும் கடனுக்கு வட்டி வாங்கலாகாது என்று அவர்களுடைய தவ்ராத் தெளிவாகத் தடுத்திருந்தது. பகலில் ஊரைக் காக்க மதில் கட்டிய ஏழைக்கு, அந்த மதிலுக்குள் சொந்தமாக ஒரு சாண் நிலம் மிஞ்சவில்லை.

நெகேமியா கடும் கோபம் கொண்டார். ஆனால், கோபத்தில் உடனே பாய்ந்துவிடவில்லை, தமக்குள் ஆலோசித்தார். பிறகு பெரியதொரு சபையைக் கூட்டினார். அந்நியருக்கு விற்கப்பட்ட சகோதரர்களை நாம் இயன்றவரை மீட்டுவந்தோம், நீங்களோ சகோதரர்களையே விற்கிறீர்களே என்று கேட்டார். அவர்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் இவ்வரலாற்றின் உயிர். தாமும் தம் சகோதரர்களும் தம் பணியாளர்களும்கூட மக்களுக்குப் பணமும் தானியமும் கடனாகக் கொடுத்திருப்பதைச் சபை நடுவே அவரே வெளிப்படுத்தினார். இந்த வட்டியை நாம் எல்லோருமே விட்டுவிடுவோம் என்றார். குற்றவாளிகளின் வரிசையில் தம் வீட்டையும் நிறுத்திவிட்டு, அதன் பிறகே தீர்ப்புச் சொன்னார்.

வயல், தோட்டம், ஒலிவத் தோப்பு, வீடு எல்லாவற்றையும் அன்றைய தினமே திருப்பித்தர வேண்டும். பணம், தானியம், எண்ணெய் முதலியவற்றுக்கு வாங்கிய நூற்றுக்கு ஒரு பங்கையும் திருப்பித்தர வேண்டும். இது மாத வட்டி என்று விரிவுரையாளர் பலர் கொள்வர். அப்படியானால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு ஆகிறது. பிரமுகர்கள் இணங்கினார்கள். வாய்ச்சொல் போதாது என்று கருதிய நெகேமியா, குருமார்களை வரவழைத்துச் சத்தியம் வாங்கினார். தம் மேலாடையின் மடியை உதறிக் காட்டி, வாக்குத் தவறுபவனை இறைவன் இவ்வாறே உதறிவிடுவானாக என்றார். சபை முழுவதும் ஆமீன் சொன்னது. சொன்னபடி செய்யவும் செய்தது.

அவர் தம் ஆட்சியிலும் அப்படியே நடந்தார். முன்பிருந்த ஆளுநர்கள் மக்களிடமிருந்து உணவுப் பொருளும் 40 வெள்ளிச் சேக்கலும் பெற்றுவந்தனர். நெகேமியா 12 ஆண்டுகள் ஆளுநராக இருந்தும் அந்தப் படியை வாங்கவில்லை. அவர் வீட்டில் நாள்தோறும் 150 பேருக்குமேல் உண்டனர், செலவு அவருடையது. பதவியில் இருந்த காலத்தில் நிலம் வாங்கிப் போடவும் இல்லை.

52 நாட்களில் மதில் முடிந்தது. இடையில் எதிரிகள் பேச்சுவார்த்தைக்கென்று நான்கு முறை அழைத்தார்கள். வேலையை விட்டு இறங்கி வர அவர் மறுத்துவிட்டார். உயிருக்கு ஆபத்து, ஆலயத்துக்குள் ஒளிந்துகொள்ளும் என்று ஒருவர் பயமுறுத்தியும் அவர் ஓடவில்லை. பிறகு எஸ்றா விடியற்காலை முதல் நண்பகல் வரை மக்கள் முன் வேதத்தை ஓதினார். மக்கள் அழுதார்கள். அது மகிழ்ச்சிக்குரிய நாள், இல்லாதவர்க்கும் உணவில் பங்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

அவர் குறையே இல்லாதவர் என்று நாம் சொல்லவில்லை. பிற்காலத்தில் அந்நிய இனப் பெண்களை மணந்தவர்களைத் தண்டித்தபோது, சிலரை அடித்தும் தலைமயிரைப் பிய்த்தும் கடுமை காட்டினார். கிறிஸ்தவ விரிவுரையாளர்களிலும் இதை ஏற்கத் தயங்குவோர் உண்டு. அவருடைய கடைசிச் சொல்லாக அந்நூலில் நிற்பது, இறைவன் தம்மை நன்மைக்காக நினைவுகூர வேண்டும் என்ற சிறியதொரு பிரார்த்தனையே.

நமக்கு என்ன பாடம்?

கி.பி. 325-ல் கூடிய நிசியா மாநாடு குருமார்கள் வட்டி வாங்குவதைத் தடை செய்தது. சட்டம் முதலில் போதிப்பவர்மேல் பாய்ந்தது. ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜில் அறியாமைக்கால வட்டி அனைத்தையும் ரத்துச் செய்தபோது, முதலில் ரத்துச் செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியையே. சீர்திருத்தம் சொந்த வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டால்தான் ஊர் அதைக் கேட்கும்.

அன்பர்களே! பள்ளிவாசல் சுவருக்குப் பணம் கொடுப்பது எளிது. பெயர்ப்பலகையில் பெயரும் வரும். அந்தச் சுவருக்கு வெளியே நம்மிடம் நகையை அடகு வைத்துவிட்டு நிற்கும் ஏழையின் கணக்கைத் திறந்து பார்ப்பதுதான் கடினம். ஊரைத் திருத்தப் புறப்படுமுன் ஒவ்வொருவரும் இன்றிரவு தம் கணக்கேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்போமாக. திருப்பிக்கொடுக்க வேண்டியது ஏதேனும் இருந்தால், நெகேமியா கேட்டது போல, அன்றைய தினமே கொடுத்துவிடுவோமாக. அதற்கு வல்ல இறைவன் நமக்குத் துணை புரிவானாக! ஆமீன்.