வீரத் துறவியின் அன்னை

உலகைத் துறந்து செல்பவரைத் துறவி என்று போற்றுகிறோம். அவர் விட்டுச் சென்ற வீட்டில் அடுப்பு அணையாமல் காத்து நிற்கும் தாய்க்கு அப்படி ஒரு பெயர் இல்லை. சுவாமி விவேகானந்தரின் வரலாற்றைப் படிப்பவர்கள் தட்சிணேசுவரத்தையும் சிகாகோவையும் பேலூரையும் நன்கு அறிவார்கள். அதே ஆண்டுகளில் வட கல்கத்தாவின் சிமுலியா பகுதியில் ஓர் இல்லத்தரசி எத்தகைய வாழ்க்கையை வாழ்ந்து கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. சுவாமிஜியைப் பெற்றெடுத்த புவனேஸ்வரி தேவியே அந்த இல்லத்தரசி. காவி உடுத்தாமல், வீட்டு வாசலைத் தாண்டாமல், அவர் செய்த துறவு மகன் செய்த துறவுக்குச் சற்றும் குறைந்ததன்று.

சிமுலியா இல்லம்

புவனேஸ்வரி தேவி 1841-ஆம் ஆண்டு பிறந்தார். நந்தலால் பாசு, ரகுமணி தேவி தம்பதியருக்கு அவர் ஒரே மகள். அக்கால வழக்கப்படி பத்து வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் விசுவநாத தத்தர் பின்னாளில் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கியவர்.

அவர் புகுந்த வீடு துறவின் வேதனையை ஏற்கனவே அறிந்திருந்த வீடு. விசுவநாதரின் தந்தை துர்காபிரசாதர், மகன் சிறு குழந்தையாக இருந்தபோதே மனைவியையும் வீட்டையும் விட்டுத் துறவியாகிப் போனவர். துறவி ஒருவர் சென்ற பின் அந்த வீட்டுப் பெண்கள் எதைச் சுமக்க வேண்டியிருக்கும் என்பது தத்தர் குடும்பத்தில் யாருக்கும் புதிய செய்தியன்று. தம் வாழ்விலும் அதே கதை வேறு வடிவில் திரும்பி வரப்போகிறது என்பதை மணப்பெண்ணாக வந்த சிறுமி எப்படி அறிந்திருக்க முடியும்?

விசுவநாதர் தாராள மனம் படைத்தவர். சம்பாதித்ததையெல்லாம் உறவினருக்கும் விருந்தினருக்கும் அள்ளி வழங்கினார். அத்தகைய பெரிய கூட்டுக் குடும்பத்தை நடத்தும் பொறுப்பு புவனேஸ்வரியின் தோள்களில் விழுந்தது. சமையல், விருந்தோம்பல், குழந்தைகளின் பராமரிப்பு, தையல் வேலை, பணியாட்களை மேற்பார்த்தல் ஆகிய இவற்றுக்கிடையே நாள்தோறும் பூஜையும், ராமாயண மகாபாரதப் பாராயணமும் தவறாமல் நடந்தன. அவரது நினைவாற்றல் வியக்கத்தக்கது. ஒருமுறை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் ஆற்றல் அவருக்கு இருந்தது. ஆங்கில எழுத்துகளையும் கற்றுக்கொண்டு, அவற்றைத் தம் பிள்ளைகளுக்கும் அவரே சொல்லித் தந்தார்.

வீரேசுவரரின் வரம்

அவருக்குப் பிறந்தவை பத்துக் குழந்தைகள். நான்கு ஆண்கள், ஆறு பெண்கள். முதலில் பிறந்த ஆண்குழந்தை கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டது. ஒரு மகன் வேண்டும் என்ற ஏக்கம் அவர் நெஞ்சில் நீங்காமல் இருந்தது. காசியில் வாழ்ந்த உறவினப் பெண்மணி ஒருவர் மூலம் அங்குள்ள வீரேசுவர சிவனுக்கு வழிபாடு நடத்த ஏற்பாடு செய்தார். தாமும் வீட்டிலிருந்தபடி விரதமும் தியானமும் மேற்கொண்டார். ஓரிரவு, தியானத்தில் அமர்ந்திருந்த சிவபெருமான் எழுந்து ஒரு குழந்தையாக மாறித் தம்மிடம் வருவதாக அவர் கனவு கண்டார். 1863 ஜனவரி 12, மகர சங்கராந்தி நாளன்று மகன் பிறந்தான். வீரேசுவரன் என்று தாய் பெயரிட்டார். நரேந்திரநாதன் என்ற பெயரே பின்னர் நிலைத்தது. குழந்தையின் முகத்தில் பாட்டனார் துர்காபிரசாதரின் சாயலை உறவினர்கள் கண்டார்கள்.

வரமாகக் கேட்டுப் பெற்ற பிள்ளையை வளர்ப்பது எளிதாக இருக்கவில்லை. நரேந்திரனின் குறும்பை அடக்க இரண்டு பணிப்பெண்கள் தேவைப்பட்டனர். கோபம் எல்லை மீறும்போது தலையில் குளிர்ந்த நீரை ஊற்றிச் சிவநாமத்தைச் சொன்னால்தான் அவன் அடங்குவான். தாம் கேட்டதோ சிவனை, ஆனால் அவர் அனுப்பி வைத்ததோ தமது பூதகணங்களில் ஒன்றை என்று அன்னை சலித்துக் கொள்வாராம். வாசலுக்கு வரும் சாதுக்களுக்குக் கையில் கிடைத்ததையெல்லாம் கொடுத்துவிடும் பழக்கம் சிறுவனுக்கு இருந்தது. அதனால் அவனை மாடி அறையில் வைத்துப் பூட்டினார்கள். அவன் அங்கிருந்த பொருட்களை ஜன்னல் வழியாக வீசித் தானம் செய்தான்.

அன்னை தந்த பயிற்சியின் ஆழத்தை ஒரு பள்ளி நிகழ்ச்சி காட்டுகிறது. ஒருமுறை நரேந்திரன் சரியான விடை சொல்லியும், அதைத் தவறென்று கருதிய ஆசிரியர் அவனை அடித்தார். கண்ணீருடன் வீடு திரும்பிய மகனை அன்னை தேற்றினார். ஆனால் ஆசிரியரைக் குறைகூறவில்லை. உண்மையின் பக்கம் நிற்கும்போது வரும் துன்பத்தைப் பொருட்படுத்தாமல், தான் சரியென அறிந்ததை விடாது பற்றி நிற்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். சில ஆண்டுகளில் அந்த அறிவுரை தாய்க்கும் மகனுக்கும் ஒருசேரச் சோதனையாக வந்தது.

ஆயிரமும் முப்பதும்

1884 பிப்ரவரியில் விசுவநாதர் திடீரெனக் காலமானார். அவர் விட்டுச் சென்றது கடன்தான் என்பது அதன் பிறகே தெரிந்தது. நேற்றுவரை அந்த வீட்டில் உண்டு வளர்ந்தவர்கள் விலகிப் போனார்கள். உறவினர்கள் பூர்வீக வீட்டின் பங்குக்காக வழக்குத் தொடுத்தனர். புவனேஸ்வரி தேவி குழந்தைகளுடன் ராம்தனு பாசு சந்திலிருந்த தம் தாயின் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். கடைசி மகன் பூபேந்திரநாதனுக்கு அப்போது நான்கு வயது கூட நிரம்பவில்லை.

மாதம் ஆயிரம் ரூபாய் செலவிட்டுக் குடும்பம் நடத்தியவர், முப்பது ரூபாயில் அதே குடும்பத்தை நடத்தத் தொடங்கினார். சுவாமி சாரதானந்தர் இதைப் பதிவு செய்து, அந்த அம்மையாரின் பொறுமையையும் நிலைகுலையாமையையும் பெரிதும் வியந்திருக்கிறார்.

அந்த நாட்களில் நரேந்திரன் வேலை தேடிக் கல்கத்தாவின் வீதிகளில் வெறுங்காலுடன் அலைந்தார். வீட்டில் எல்லோருக்கும் போதுமான உணவு இல்லை என்பதை அறிந்தால், வெளியே விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பட்டினியுடன் வெளியேறிவிடுவார். ஒருநாள் காலையில் அவர் வழக்கம்போல் இறைநாமத்தைச் சொல்லிக்கொண்டே எழுந்தார். அடுத்த அறையிலிருந்த அன்னை மனம் கசந்து அவரைக் கடிந்துகொண்டார். சிறுவயது முதல் பகவானை அழைத்து வந்ததற்குப் பகவான் செய்தது இதுதானே என்பது அவரது கேள்வி. ஆழ்ந்த பக்தி கொண்ட ஒரு தாயின் வாயிலிருந்து அச்சொல் வர வேண்டுமானால் அந்தத் துயரம் எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்! அச்சொல் நரேந்திரனின் நெஞ்சைத் தைத்தது. கடவுளைக் குறித்த பெரும் போராட்டம் அவருள் எழுந்தது.

அப்போராட்டம் அவரைப் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் திருவடிகளில் கொண்டு சேர்த்தது. குடும்பத்தின் வறுமை நீங்கத் தமக்காகத் தேவியிடம் வேண்டுமாறு அவர் குருதேவரைக் கேட்டார். நீயே போய்க் கேள் என்று குருதேவர் அனுப்பி வைத்தார். மூன்று முறை காளி சந்நிதிக்குச் சென்ற நரேந்திரனால், ஞானத்தையும் பக்தியையும் விவேக வைராக்கியங்களையும் தவிர வேறெதையும் கேட்க இயலவில்லை. இறுதியில், எளிய உணவுக்கும் உடைக்கும் அவர் குடும்பத்தில் குறைவிருக்காது என்று குருதேவர் அருளினார். அந்த எளிய உணவையும் உடையையும் கொண்டே புவனேஸ்வரி தேவி எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். வீட்டு வழக்கில் அவருக்குச் சாதகமாக 1887-இல் தீர்ப்புக் கிடைத்தது. ஆயினும் சொத்துத் தகராறுகள் முற்றிலும் ஓயவில்லை.

துறந்த மகனும் துறக்காத அன்பும்

1886 ஆகஸ்டில் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தார். அதன் பின் நரேந்திரன் துறவு பூண்டு வராகநகர் மடத்தில் வாழ்ந்தார். பிறகு பரிவிராஜகராகப் பாரதமெங்கும் நடந்தார். குடும்பத்தின் மூத்த மகன், தலையெடுத்துக் குடும்பத்தைத் தாங்குவான் என்று எல்லோரும் நம்பியிருந்தவன், கையில் ஏதுமின்றிப் போய்விட்டான். அன்னை அவரைத் தடுத்து நிறுத்தவில்லை.

மகனும் அன்னையை மறக்கவில்லை. 1890-இல் அல்மோராவில் இருந்தபோது, தங்கை ஒருத்தியின் துயர மரணம் பற்றிய தந்தி அவருக்குக் கிடைத்தது. இந்தியப் பெண்களின் நிலை குறித்து அவர் கொண்டிருந்த ஆழ்ந்த கவலைக்குப் பின்னால் இந்த வேதனையும் இருந்தது. மேலைநாடு புறப்படுவதற்கு முன் சென்னையில் மன்மதநாத பட்டாச்சாரியரின் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அன்னை இறந்துவிட்டதாக ஒரு கனவு கண்டு கலங்கினார். உடனே கல்கத்தாவுக்குத் தந்தி அனுப்பப்பட்டது. அதற்கிடையில், மறைவான செய்திகளைச் சொல்ல வல்லவர் என்று கருதப்பட்ட ஒருவரிடம் அளசிங்கர் முதலிய அன்பர்களுடன் சென்று விசாரித்தார். அன்னை நலமே என்று அறிந்த பிறகுதான் அவர் மனம் அமைதியடைந்தது. பற்றுகளை அறுத்த துறவியின் நெஞ்சில் அன்னைக்கு மட்டும் இருந்த இடத்தை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

அமெரிக்காவில் பாரதப் பெண்மையின் லட்சியங்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது, தம்மிடம் உள்ள நன்மை அனைத்துக்கும் தாயே காரணம் என்று சுவாமிஜி உணர்ச்சியுடன் எடுத்துரைத்தார். அதைக் கேட்டு நெகிழ்ந்த பாஸ்டன் நகரப் பெண்மணிகள், 1894 கிறிஸ்துமஸ் சமயத்தில் அவருக்குத் தெரியாமலே புவனேஸ்வரி தேவிக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் அனுப்பினார்கள். குழந்தை ஏசுவை மடியில் ஏந்திய மேரி அன்னையின் படமும் அதனுடன் சென்றது.

கேத்ரி மன்னர் அஜீத் சிங் சுவாமிஜியின் அன்னைக்கு மாதந்தோறும் நூறு ரூபாய் அனுப்பி வந்தார். தம் உடல்நிலை தளர்ந்துவிட்டதை உணர்ந்த சுவாமிஜி, தமது காலத்திற்குப் பிறகும் அவ்வுதவி அன்னைக்குத் தொடர வேண்டும் என்று 1898 டிசம்பரில் மன்னரிடம் வேண்டினார். தமக்கென எதையும் கேட்காதவர் தாய்க்காகக் கேட்டார்.

1901-இல் சுவாமிஜி அன்னையைக் கிழக்கு வங்காளத்திற்கும் அஸ்ஸாமிற்கும் தீர்த்த யாத்திரை அழைத்துச் சென்றார். லாங்கல்பந்தில் பிரம்மபுத்திரா நீராடல், சந்திரநாதர் தரிசனம், காமாக்யா தரிசனம் ஆகியவற்றால் அன்னையின் நீண்ட நாள் ஆசை நிறைவேறியது. அவ்வாண்டு பேலூர் மடத்தில் நடந்த முதல் துர்கா பூஜையிலும் அவர் கலந்துகொண்டார். நரேந்திரன் சிறுவயதில் கடும் நோயுற்றபோது அன்னை காளிகாட்டில் ஒரு நேர்த்திக்கடன் வேண்டியிருந்தார். அது நிறைவேறாமலே இருந்தது. உலகம் போற்றும் ஆசாரியராகிவிட்ட மகன் அன்னையின் சொல்லுக்குப் பணிந்தார். ஆதிகங்கையில் நீராடி, ஈர உடையுடன் கோயிலுக்குச் சென்று, தேவியின் முன் மூன்று முறை உருண்டு, கோயிலை ஏழு முறை வலம் வந்து, ஹோமமும் செய்தார். வேதாந்தக் கேசரி அங்கே தாயின் குழந்தையாகவே இருந்தது.

இறுதி ஆண்டுகள்

ஆதிசங்கரர் துறவியாக இருந்தும் தம் அன்னைக்கு ஈமக்கடன் செய்தார் என்பது மரபு. தமிழகத்தில் பட்டினத்தாரைப் பற்றியும் அவ்வாறே போற்றுகிறோம். அன்னையின் இறுதிக் காலத்தில் உடனிருந்து பணிபுரிய வேண்டும் என்ற ஆசை சுவாமிஜிக்கும் இருந்தது. 1902 ஜூன் இறுதியில், நீண்ட நாள் சொத்துத் தகராறை உறவினருடன் பேசி முடித்து வைத்தார். அடுத்த சில நாட்களில், ஜூலை 4 அன்று, அவரே உடலை நீத்தார். மறுநாள் காலை செய்தி கேட்டுப் பேலூர் மடத்திற்கு ஓடிவந்த அன்னை, மகனின் திருமேனியைக் கண்டு கதறி அழுதார். மகன் தாய்க்குச் செய்ய விரும்பியது நடக்கவில்லை. மகனுக்கு விடைகொடுக்கும் துயரமே தாய்க்கு வாய்த்தது.

இரண்டாவது மகன் மகேந்திரநாதர் 1896-இல் லண்டன் சென்று, பின்னர் பல நாடுகளைச் சுற்றித் திரிந்தார். ஆண்டுக்கணக்கில் அவரிடமிருந்து கடிதம் இல்லை. அண்ணனின் மறைவுக்குப் பின்னரே அவர் வீடு திரும்பினார். இளைய மகன் பூபேந்திரநாதர் 'யுகாந்தர்' பத்திரிகையின் ஆசிரியராகத் தேசத் தொண்டில் இறங்கி, 1907-இல் ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அப்போது கல்கத்தாப் பெண்மணிகள் ஒன்றுகூடி, இத்தகைய மகனைப் பெற்றதற்காகப் புவனேஸ்வரி தேவியைப் பாராட்டினார்கள். விடுதலைக்குப் பின் பூபேந்திரநாதர் அமெரிக்கா சென்றுவிட்டார். அன்னையை அவர் மீண்டும் காணவில்லை.

அந்த ஆண்டுகளில் சுவாமி பிரம்மானந்தரும் சகோதரத் துறவிகளும் அன்னையின் நலனைக் கவனித்து வந்தார்கள். 1911 ஜூலை 25 அன்று புவனேஸ்வரி தேவி இவ்வுலக வாழ்வை நீத்தார். சுவாமிஜியின் மகளாகத் தம்மைக் கருதிய சகோதரி நிவேதிதை, அன்னையின் உடலுடன் சுடுகாடு வரை சென்றார். மூன்று மாதங்கள் கழிவதற்குள் அவரும் மறைந்தார்.

சுவாமிஜி பிறந்த சிமுலியா இல்லத்தை ராமகிருஷ்ண மிஷன் புதுப்பித்தது. 2004-இல் அன்றைய குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் அதைத் திறந்து வைத்தார். அங்கு செல்பவர்கள் நரேந்திரன் பிறந்த இடத்தை வணங்குகிறார்கள். மகனுக்காக விரதமிருந்த ஒரு பெண் நடமாடிய இடமும் அதுவே என்பதை அவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

ஒரு மகனை உலகிற்கும், ஒரு மகனை நாட்டிற்கும் கொடுத்துவிட்டு, முப்பது ரூபாயில் குடும்பம் காத்தவர் அவர். மனைக்கும் தவத்திற்கும் இடையே வேலி ஏதுமில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. நம் இல்லங்களிலும் எத்தனையோ அன்னையர் யாரும் அறியாமல் இத்தகைய தவத்தைச் செய்து மறைந்திருக்கிறார்கள். சுவாமிஜியின் திருவடிகளை வணங்கும் ஒவ்வொரு முறையும், அந்தத் திருவடிகளுக்கு நடை பழக்கிய அன்னையையும், நமக்கு நடை பழக்கிய அன்னையரையும் சேர்த்து வணங்குவோமாக.