பழனிச் சாலையில் தொடங்கிய பயணம்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற கோடையில் எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் புகைந்து நின்றது. காயில் கட்டுபவர் அதைப் பிரித்தார். மூன்று ஃபேஸ்களில் இரண்டின் சுருள்கள் மட்டும் கருகியிருப்பதைக் கண்டு, ஒரு ஃபேஸ் போனபின்னும் மோட்டார் ஓடியிருக்கிறது என்றார். இயற்பியல் படிக்கும் எனக்கு அது தெரியவில்லை. அது திரும்பி வருவதற்குள் மக்காச்சோளம் வாடிவிட்டது. அந்த வேதனையில் மோட்டாரைப் பற்றிப் படிக்கப் புகுந்தபோது நான் அறிந்துகொண்ட பெரியவர்தான் ஜி. டி. நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 மார்ச் 23 அன்று உழவர் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் பாடத்தில் அவர் மனம் செல்லவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளில் சென்றது. கோவையில் உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். பிரித்துப் பூட்டியே பொறிநுட்பம் கற்றார். 1920இல் பேருந்து ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் நம் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டிதான் பின்னர் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவின் முதல் மின்மோட்டார் எனப் போற்றப்படும் மோட்டாரை உருவாக்கினார்.

மோட்டாரின் உயிர் செம்புக் கம்பியில் மட்டுமா இருக்கிறது? அதன்மேல் பூசிய எனாமலிலும் வார்னிஷிலும் அல்லவா இருக்கிறது! வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்தக் காப்புறையின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. எங்கள் மோட்டாரை அழித்தது இந்த வெப்பமே. உயர் அழுத்த மோட்டார்களுக்கும், இக்காலத்தில் இன்வெர்ட்டர் கொண்டு வேகத்தை மாற்றும் மோட்டார்களுக்கும் இன்னொரு பகை உண்டு. வார்னிஷ் நிறையாத இடத்தில் தங்கிய காற்றுக் குமிழிக்குள் நுண்ணிய மின்பொறிகள் எழும். குமிழியின் சுவரில் மின்னூட்டம் தேங்கும். ஒவ்வொரு பொறியும் காப்புறையைச் சிறிது சிறிதாக அரிக்கும். மரத்துக்குள் கரையான் புகுந்ததுபோல, வெளியே ஒன்றும் தெரியாது.

பட்டம் பெறாத நாயுடு, 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் தோன்ற உதவினார். 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார். அவருக்குக் கிட்டாத பட்டம் நமக்குக் கிட்டப்போகிறது. அவர் கைக்குக் கிட்டிய அறிவு நமக்குக் கிட்டியதா? இந்த விடுமுறையில் காயில் கட்டும் பட்டறையில் உதவியாளாக அமர எண்ணியிருக்கிறேன். நண்பர்களே, நீங்களும் ஒரு பழுதான பொருளைப் பிரித்துப் பாருங்கள்!