ராபினின் 61 சீட்: ஒரு கைகுலுக்கலுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கணக்கு!

யூடியூப்ல தேடினா அந்த வீடியோ இன்னும் கிடைக்கும். 1993 செப்டம்பர் 13, வெள்ளை மாளிகைப் புல்வெளி. நடுவுல அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் ரெண்டு கையையும் விரிச்சு நிக்கிறார். ஒரு பக்கம் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராபத், சிரிச்ச முகத்தோட கையை நீட்டுறார். இன்னொரு பக்கம் கோட்-சூட்ல இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபின். அவர் கை மட்டும் உடனே வராது. ஒரு சின்னத் தயக்கம். அப்புறம்தான் கைகுலுக்கல். இந்தக் கட்டுரைக்காக அந்தத் தயக்கத்தை நான் பத்து தடவையாவது ரீவைண்ட் பண்ணிப் பார்த்திருப்பேன்.

அந்தக் கை அவ்வளவு தூரம் வர்றதுக்கு ராபினோட மனமாற்றம் மட்டும் போதல. ஒரு தேர்தல் முடிவும் தேவைப்பட்டுச்சு. இஸ்ரேல் நாடாளுமன்றத்துல மொத்தம் 120 சீட். அதுல சரியா 61.

முதல்ல ஆளைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கலாம். ராபின் பிறந்தது 1922-ல், ஜெருசலேம் நகரத்தில். விவசாயப் பள்ளியில் படித்தவர். கலிஃபோர்னியாவுக்குப் போய் நீர்ப்பாசனப் பொறியியல் படிக்க வேண்டும் என்பதுதான் இளம் வயதில் அவர் கனவு. யுத்தம் வந்தது, படிப்பு போனது. 19 வயதில் ரகசியப் படையில் சேர்ந்தவர், 1948 போரில் ஒரு படைப்பிரிவுக்கே தலைமை தாங்கினார். லித்தா நகரத்தில் இருந்த அரபு மக்களை வெளியேற்றும் உத்தரவில் கையெழுத்திட்டவர் இவர்தான். அதையும் பக்கத்து ஊரான ராம்லாவையும் சேர்த்து பல்லாயிரம் குடும்பங்கள் கொளுத்தும் ஜூலை வெயிலில் நடந்தே போனார்கள். பின்னாளில் தன் சுயசரிதையில் ராபின் அதை எழுதினார். அந்தப் பகுதியை இஸ்ரேல் தணிக்கைக் குழு வெட்டிவிட்டது. ஆக, நாம பேசப் போறது ஒரு சாதுவைப் பத்தி இல்ல, இதை மனசுல வெச்சுக்கோங்க.

1967-ல் ஆறு நாள் போர் நடந்தபோது ராணுவத் தலைமைத் தளபதி ராபின். மேற்குக் கரை, காஸா, கோலன் குன்றுகள், சினாய் எல்லாம் இஸ்ரேல் கைக்கு வந்தன. அதன்பிறகு வந்த அத்தனை தேர்தல்களிலும், அந்த நிலத்தை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு சமாதானம் வாங்குவதா என்ற கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் நின்றுகொண்டே இருந்தது.

ராபின் முதல் முறை பிரதமரானது 1974-ல். மனைவி பெயரில் அமெரிக்க வங்கியில் இருந்த டாலர் கணக்கு, அன்றைய சட்டப்படி குற்றம். அந்த விவகாரத்தில் 1977 தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு போட்டியிலிருந்தே விலகினார். அந்தத் தேர்தலில் லேபர் கட்சி தோற்று, வலதுசாரி லிக்குட் முதல் முறையாக ஆட்சிக்கு வந்தது. இனி போர்தான் என்று பலர் பயந்தார்கள். ஆனால், அதே லிக்குட்டின் மெனாகெம் பெகின்தான் 1979-ல் எகிப்தோடு சமாதான ஒப்பந்தம் போட்டு சினாயைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த தேர்தலில் ஒரே ஒரு சீட் வித்தியாசத்தில் லேபரை முந்தினார். 1982-ல் லெபனான் மீது படையெடுத்ததும் அதே பெகின்தான். இடதுன்னா சமாதானம், வலதுன்னா சண்டைன்னு ஈஸியா ஃபார்முலா போட முடியாதுன்னு சொல்லத்தான் இந்தக் கதை.

1984 தேர்தலில் யாருக்கும் மெஜாரிட்டி இல்லை. ரெண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து ஆட்சி அமைத்தன. ராபின் பாதுகாப்பு அமைச்சர். லெபனானின் பெரும்பகுதியிலிருந்து படையைப் பின்வாங்கினார். 1987 டிசம்பரில் பாலஸ்தீன மக்கள் எழுச்சி வெடித்தது. கல்லெறிந்த இளைஞர்கள் மீது தடியடியும் எலும்பு முறிவுமாக ராணுவம் பாய்ந்தது. அந்தக் கொள்கைக்கு முகமே ராபின்தான். ஆனால், அடித்தும் அடங்காத அந்தத் தெருக்களைப் பார்த்துப் பார்த்து, இது ராணுவத்தால் முடிகிற விஷயம் இல்லை என்ற முடிவுக்கு அவர் மெதுவாக வந்தார். புரிஞ்சுது, சரி. ஆனா கூட்டணி ஆட்சியில ஒரு அமைச்சருக்குப் புரிஞ்சு என்ன ஆகப்போகுது?

இங்கேதான் 1992 வருது. அப்போ பிரதமர், லிக்குட்டின் இட்சாக் ஷமீர். அமெரிக்கா இழுத்த இழுப்பில் மாட்ரிட் சமாதான மாநாட்டுக்குப் போயிருந்தார். அதன் தொடர்ச்சியாகப் பாலஸ்தீனர்களுக்குத் தன்னாட்சி என்ற பேச்சு வந்ததுமே, இன்னும் தீவிரமான ரெண்டு சின்ன வலதுசாரிக் கட்சிகள் ஆதரவை வாபஸ் வாங்கின. அதில் ஒன்றின் பெயர் தெஹியா. ஆட்சி ஆட்டம் கண்டு, தேர்தல் முன்கூட்டியே வந்தது.

லேபர் கட்சிக்குள் நீண்ட நாள் போட்டியாளரான ஷிமோன் பெரஸைத் தோற்கடித்து, ராபின் வேட்பாளரானார். கட்சிப் பெயரோடு தன் பெயரையும் சேர்த்தே போட்டியிட்டார். கணக்கு ரொம்ப சிம்பிள்: சமாதானம் பேச ஆசைப்படுபவர்கள் எப்படியும் ஓட்டுப் போடுவார்கள், பயப்படுபவர்களின் ஓட்டு, 1967-ஐ ஜெயித்த தளபதிக்குத்தான் விழும்.

ஜூன் 23 முடிவைக் கொஞ்சம் பொறுமையாப் பாருங்க. லேபர் 44, இடதுசாரி மெரெட்ஸ் 12, அரபு வாக்காளர்களை நம்பியிருந்த ரெண்டு கட்சிகள் சேர்ந்து 5. மொத்தம் 61. எதிர்ப்பக்கம் வலதுசாரிகளும் மதக்கட்சிகளும் சேர்ந்து 59. இப்போ தெஹியாவுக்கு வருவோம். நாடாளுமன்றத்துக்குள் நுழைய அப்போது குறைந்தபட்சம் 1.5 சதவிகித ஓட்டு தேவைப்பட்டது. அந்தத் தேர்தலுக்காகத்தான் அது 1-லிருந்து 1.5 ஆக உயர்த்தப்பட்டிருந்தது. தெஹியா சில ஆயிரம் ஓட்டில் அதைத் தவறவிட்டது. விழுந்த ஓட்டு அத்தனையும் வீண். சமாதானப் பேச்சு பிடிக்காமல் ஆட்சியையே ஆட்டிவிட்ட கட்சி, சமாதானம் பேசப்போகும் ஆட்சிக்கு வழிவிட்டுவிட்டுக் காணாமல் போனது. இதை ஒரு சினிமாவில் வைத்தால் ஓவரா இருக்குன்னு சொல்லுவோம்.

பிரதமரான ராபின் பாதுகாப்புத் துறையையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். யூதக் குடியிருப்புகளுக்கான புதிய அரசுக் கட்டுமானங்களில் பெரும்பகுதியை நிறுத்தினார். ஷமீருக்கு அமெரிக்கா தராமல் இழுத்தடித்த 10 பில்லியன் டாலர் கடன் உத்தரவாதம் கிடைத்தது. அதேநேரம், ஏற்கெனவே ஆரம்பித்த வீடுகளைக் கட்ட விட்டார். குடியிருப்புகளின் மக்கள்தொகை அவர் காலத்திலும் ஏறியது. 1992 டிசம்பரில் 400-க்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்களை லெபனான் மலைப்பக்கம் நாடுகடத்தினார். அதற்கடுத்த மாதமே நார்வேயில் ரகசியப் பேச்சுவார்த்தை தொடங்கியது. ரெண்டும் ஒரே மனிதர்தான்.

அதன்பிறகு நடந்தது வேகமானது. வெள்ளை மாளிகைக் கைகுலுக்கல், 1994 மே மாதம் காஸாவிலும் ஜெரிக்கோவிலும் பாலஸ்தீன நிர்வாகம், அக்டோபரில் ஜோர்டானோடு சமாதான ஒப்பந்தம், டிசம்பரில் அராபத், பெரஸோடு சேர்த்து நோபல் பரிசு. நடுவே ரத்தமும் ஓடியது. ஹெப்ரானில் தொழுகையில் இருந்த 29 பேரை ஒரு யூதத் தீவிரவாதி சுட்டுக் கொன்றான். டெல் அவிவ் பேருந்து குண்டுவெடிப்பில் 22 பேர் இறந்தார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் ராபினின் ஆதரவு சரிந்தது.

அந்த 61-ம் அப்படியே நிற்கவில்லை. மதக்கட்சியான ஷாஸ் முதலில் கூட்டணியில் இருந்தது, 1993-லேயே வெளியேறிவிட்டது. அரபுக் கட்சிகளின் வெளி ஆதரவில்தான் ஆட்சி ஓடியது. யூத எம்.பி-க்களின் பெரும்பான்மை இல்லாத அரசுக்கு நிலத்தைக் கொடுக்க என்ன உரிமை என்று எதிரணி தெருவில் கேட்டது. அரபுக் குடிமக்களின் ஓட்டு ஓட்டே இல்லையா? நியாயமான கேள்விதான், ஆனால் அன்று சத்தமாகக் கேட்டவர்கள் குறைவு.

1995 அக்டோபரில் ரெண்டாவது ஓஸ்லோ ஒப்பந்தம் ஓட்டெடுப்புக்கு வந்தபோது முடிவு 61-க்கு 59. வலதுசாரிக் கட்சி ஒன்றிலிருந்து தாவி வந்த ரெண்டு எம்.பி-க்கள் கை கொடுத்தார்கள். ஒருவருக்கு அமைச்சர் பதவி, இன்னொருவருக்குத் துணை அமைச்சர் பதவி. ஒரு மிட்சுபிஷி காருக்கு நாட்டை விற்றார்கள் என்று எதிரணி கிண்டலடித்தது. அந்த அமைச்சர் கோனென் செகெவ் பிற்காலத்தில் போதை மாத்திரை கடத்தியதற்காகவும், அப்புறம் ஈரானுக்கு உளவு பார்த்ததற்காகவும் சிறைக்குப் போனது தனி வெப் சீரிஸ். எனக்கு இதில் உறுத்துவது வேறு: ஒரு தலைமுறையின் எல்லையைத் தீர்மானிக்கிற முடிவு, இப்படி ரெண்டு பேர் கையில் தொங்கியது. ஜெயித்தாலும், அதை நாட்டின் முடிவு என்று பாதி நாடு ஏற்கவில்லை.

நவம்பர் 4, சனிக்கிழமை இரவு. டெல் அவிவ் நகரச் சதுக்கத்தில் சமாதானத்துக்கு ஆதரவாகப் பெரும் கூட்டம். மேடையில் வெட்கத்தோடு ஒரு பாட்டையும் பாடினார் ராபின். பாட்டுத்தாளை மடித்து கோட் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். குண்டு துளைக்காத உடை போட்டிருக்கவில்லை. யிகால் அமீர் என்ற சட்டக்கல்லூரி மாணவன் பின்னாலிருந்து சுட்டான். சுட்டவன் யூதன்தான். 73 வயது ராபின் மருத்துவமனையில் இறந்தார். பாட்டுத்தாள் ரத்தத்தில் நனைந்திருந்தது.

பெரஸ் பிரதமரானார். அனுதாப அலையில் அவர் எளிதாக ஜெயிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1996 பிப்ரவரி, மார்ச்சில் அடுத்தடுத்து தற்கொலைத் தாக்குதல்கள். ஏப்ரலில் லெபனான் மீது இஸ்ரேல் நடத்திய குண்டுவீச்சில், கானா என்ற ஊரில் ஐ.நா முகாமில் தஞ்சமடைந்திருந்த 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலாவதால் பயந்த யூத வாக்காளர்கள் நகர்ந்தார்கள். ரெண்டாவதால் கொதித்த அரபு வாக்காளர்கள் பலர் பிரதமருக்கான சீட்டை வெற்றாகவே பெட்டியில் போட்டார்கள்.

மே 29, ஓட்டுப்பதிவு. பிரதமரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் தேர்தல் அது. ராத்திரி டி.வி கணிப்புகள் பெரஸ்தான்னு சொல்லுச்சு. அதைப் பார்த்துட்டு நிறைய பேர் தூங்கப் போனாங்க. காலையில எழுந்தப்போ முன்னிலையில் இருந்தது பெஞ்சமின் நெதன்யாகு. கடைசிக் கணக்குல வித்தியாசம் 30,000 ஓட்டுகூட இல்ல.