ஜெர்டன் என்னும் உயிர்நூற் புலவர்

நீலகிரியின் அழகைக் கண்டு வியந்தோர் பலர். அதனைப் பாடியோரும் பலர். ஆனால் அம்மலையின் சோலைகளில் வாழும் சிற்றுயிர்களை ஒன்றொன்றாய்க் கண்டு, இஃது இன்னது, இஃது அதனின் வேறானது என்று பகுத்துணர்ந்து, உலகம் அறியப் பெயரிட்டோர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் தாமஸ் காவர்ஹில் ஜெர்டன் என்பார். அவருடைய சரித்திரம் மாணவராகிய நமக்குப் பெரிதும் பயன்படத்தக்கது.

ஜெர்டன் 1811ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12ஆம் நாள் இங்கிலாந்தில் டர்ஹாம் நாட்டில் பிறந்தார். எடின்பரோ சர்வகலாசாலையிற் பயின்றபோது, ஜேம்ஸன் என்னும் பேராசிரியரிடம் இயற்கை நூல் கேட்டார். பின்னர் வைத்தியமும் கற்றுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி ரண வைத்தியராக அமர்ந்து, 1836ஆம் ஆண்டு சென்னை வந்து சேர்ந்தார். படையினரின் நோய் தீர்ப்பது அவர் தொழில். ஆயினும், ஓய்ந்த வேளையெல்லாம் அவர் மனம் பறவைகளின் பின்னேயே சென்றது.

புதிய உயிர் ஒன்றை இனங்கண்டு கூறுதல் எளிய காரியமன்று. அதுவரை உலகில் எழுதப்பட்ட அதன் சுற்றத்து உயிர்கள் யாவற்றோடும் அதனை ஒப்பிடல் வேண்டும். நிறம், அலகு, சிறகு, கால் முதலிய உறுப்புகளின் வேறுபாட்டை ஐயமறக் காட்டல் வேண்டும். ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும், இளையதும் முதியதும் நிறத்தால் வேறுபடக்கூடும். அவற்றை வெவ்வேறு இனங்களாகக் கொண்டு மயங்கலாகாது. அதற்கு வேண்டிய நூல்களும் உயிர்த்தொகுதிகளும் அந்நாளில் ஐரோப்பாவிலேயே இருந்தன. ஆகவே ஜெர்டன் தாம் சேர்த்த பறவைத் தோல்களைப் பதப்படுத்தி, ஸ்காட்லாந்திலிருந்த வில்லியம் ஜார்டைன் என்னும் பேரறிஞருக்கு அனுப்பி, அவற்றின் பெயர்களை அறிய விரும்பினார். கடல் கடந்து அப்பெட்டிகள் போய்ச் சேர்ந்தபோது, தோல்களை அந்துப்பூச்சிகள் அரித்திருந்தன.

இடையூறு நேர்ந்தவிடத்து மனிதனின் தன்மை வெளிப்படும். பெரியோர் வாய்ச்சொல்லை எதிர்நோக்கி இனி ஆவதில்லை எனக் கண்ட ஜெர்டன், அன்று முதல் தம் கண்ணையும் கருத்தையுமே துணையாகக் கொண்டார். அவர் எழுதிய தென்னிந்தியப் பறவைகளின் பட்டியல் 1839, 1840ஆம் ஆண்டுகளில் சென்னையில் நடைபெற்ற இலக்கிய விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. அதில் அடங்கிய இனங்கள் 420. முன்னர் ஸைக்ஸ் என்னும் படைத்தலைவர் வெளியிட்ட பட்டியலினும் அது ஏறக்குறைய இரு மடங்கு பெரிது. கருமையும் செம்மஞ்சளும் கலந்த ஈப்பிடிப்பானும், நகைப்பது போலக் கூவும் நீலகிரிச் சிரிப்பானும் நூல்வழக்கிற் பெயர்பெற்றது 1839ஆம் ஆண்டில், ஜெர்டன் கையாலேயே.

1841ஆம் ஆண்டில் அவர் நீலகிரி சென்று தங்கினார். அங்கே பிளோரா மக்லியோட் என்னும் அம்மையாரை மணந்தார். அவ்வம்மையார் தாவரங்களில், சிறப்பாக ஆர்க்கிடு மலர்ச்செடிகளில், ஈடுபாடு உடையவர். பின்னர் ஜெர்டன் நெல்லூரில் வைத்தியராயிருந்தபோது, யானாதியர் என்னும் காட்டு மக்களிடமிருந்து பல செய்திகளைக் கேட்டறிந்தார். கல்லாதவர் என்று பிறர் ஒதுக்கியோரிடத்தும் கற்பதற்கு உண்டு என அவர் கண்டார். அவருடைய பறவை நூல்களில் தமிழ், தெலுங்குப் பெயர்களும் இடம்பெற்றன. 1843 முதல் 1847 வரை சென்னையில் அவர் வெளியிட்ட இந்தியப் பறவைச் சித்திர நூலின் 50 படங்களுக்கு நம் நாட்டு ஓவியரும் கை உதவினர்.

பறவையோடு அவர் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. 1851ஆம் ஆண்டில் தென்னிந்திய எறும்புகளைப் பற்றி ஒரு பட்டியல் வெளியிட்டார். எறும்பும் குளவியும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை அறிந்தோர் சிலரே. அப்பட்டியலில் ஜெர்டன் விவரித்த ஓர் எறும்பு, குளவியைப் போலவே இரையைக் கொட்டிச் செயலறச் செய்வது, நீண்ட தாடையும் பெரிய கண்ணும் உடையது, துள்ளிப் பாய்வது. அதற்கு அவர், அரிவாள் போன்ற தாடையுடைய துள்ளி என்று பொருள்படும் ஹார்ப்பக்னாதோஸ் ஸால்ட்டேட்டர் என்னும் பெயரைச் சூட்டினார்.

அச்சிறு குறிப்பு நெடுங்காலம் சிலரே படித்ததாய்க் கிடந்தது. ஆனால் 2010ஆம் ஆண்டில், எறும்புகளுள் முதன்முதலாக மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்ட இரண்டு இனங்களுள் இதுவும் ஒன்றாயிற்று. இவ்வெறும்பின் கூட்டில் அரசி இறந்தால், வேலைக்கார எறும்புகள் உணர்கொம்புகளால் ஒன்றோடொன்று பொரும். வென்றவை அரசியின் தொழிலை மேற்கொண்டு முட்டையிடும். அப்பொழுது அவற்றின் மூளை சுருங்குகிறது; மீண்டும் வேலைக்காரராக மாற்றப்பட்டால் அது பழையபடி வளர்கிறது. இவ்வியப்பு 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இதனை ஜெர்டன் கனவிலும் கருதியிரார். எனினும், இன்ன உயிர் இது என்று ஐயமறக் காட்டிய அவர் சொல்லின் மேலன்றோ இவ்வறிவு எழுந்தது!

1862 முதல் 1864 வரை வெளிவந்த இந்தியப் பறவைகள் என்னும் பெருநூலில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களை அவர் விவரித்தார். 1867ஆம் ஆண்டில் இந்தியப் பாலூட்டிகள் பற்றிய நூலும் தந்தார். பின் தாய்நாடு திரும்பி, 1872ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் பெயர் தாங்கிய பறவை ஒன்று உண்டு. ஆந்திர நாட்டுப் புதர்க்காடுகளில் இரவில் நடமாடும் அப்பறவை 1900ஆம் ஆண்டுக்குப் பின் எவர் கண்ணிலும் படாமையால், அழிந்ததென்றே கருதப்பட்டது. 1986ஆம் ஆண்டில் அது கடப்பை மாவட்டத்தில் மீண்டும் கண்டறியப்பட்டது. பெயரும் வருணனையும் எழுதி வைக்கப்படாதிருந்தால், இழந்தோம் என்று வருந்தவோ, மீண்டது என்று மகிழவோ நமக்கு வழியேது?

ஜெர்டன் பெயரிட்ட நீலகிரிப் பறவைகளுள் நீலநிறச் சிறுபறவை ஒன்றும் உண்டு. 2017ஆம் ஆண்டில் அறிஞர் அதன் மரபணுக்களை ஆராய்ந்து, அதனையும் அதன் உறவினத்தையும் தனிப் பேரினமாக்கி, ஷோலிக்கோலா என்று பெயர் வைத்தனர். சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். நம் சோலை என்னும் சொல் இவ்வாறு உலக விஞ்ஞானத்தில் ஏறி நிற்கின்றது. அச்சொல் குறிக்கும் காடுகளோ, தேயிலைக்கும் தைல மரத்துக்கும் சீகை மரத்துக்கும் இடம் கொடுத்து, மலை மடிப்புகளில் திட்டுத் திட்டாய்ச் சுருங்கிவிட்டன.

தமிழ் பயில்வோர் சொல்லுக்குப் பொருள் தேடுகின்றனர். ஜெர்டனோ பொருளுக்குச் சொல் தேடினார். இரண்டும் ஒரே தவமே. சோலை என்னும் சொல் நூலில் மட்டும் நின்று, அதன் பொருள் மலையினின்று மறைந்துபோகாதவாறு காத்தல் நம் தலைமுறையின் கடமையாகும்.